வடக்கு வீதி, 63 மீட்டர்

ஜனவரி 1, வியாழன்

இந்த வருடம் காண்டிராக்டர்கள் கொடுத்த டைரி ஏழு. ஆறை ஆபீஸில் பங்கு போட்டுவிட்டேன். ராஜவேலு கொடுத்ததை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். தாள் நன்றாக இருக்கிறது, மை ஊறவில்லை. அட்டையில் அவர் கம்பெனி பெயர் தங்க எழுத்தில் மின்னுகிறது. அதன் மேல் ஒரு லேபிளை ஒட்டினால் போயிற்று.

முதல் பக்கத்தில் எல்லாம் கேட்கிறார்கள். பெயர், எழிலரசி. வேலை, உதவிப் பொறியாளர், செம்பியன்துறை நகராட்சி. இரத்த வகை, பி பாசிட்டிவ். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் வீட்டுக்காரர் குணசேகரன் பெயரை எழுதினேன். அந்த மனிதர் என்றைக்குப் போனை எடுத்திருக்கிறார்?

எழுதச் சொன்னது டாக்டர். பிரஷர் மாத்திரையோடு இதையும் சேர்த்துச் சொன்னார். மனதில் ஓடுவதை எழுதிவிட்டால் படபடப்பு குறையுமாம். எழுதுகிறேன். ஓடுவது இரண்டுதான்.

ஒன்று, பழைய நகரங்களின் நடைபாதைகளைச் சீர்செய்ய அரசாங்கம் பணம் தருகிறது. கோயிலைச் சுற்றி நான்கு தேர் வீதிகள், எழுநூறு வருடத்து ஊர், ஒழுங்காக நடக்க ஒரு கெஜம் இடம் கிடையாது. திட்ட அறிக்கை பிப்ரவரி 10க்குள் போக வேண்டும். தயாரிக்க வேண்டியது நான்.

இரண்டு, உதவிச் செயற்பொறியாளர் பதவி உயர்வுப் பட்டியல் அதே மாதக் கடைசியில் வருகிறது. பன்னிரண்டு இடம். வரிசையில் நான் பதினொன்று.

ஜனவரி 2, வெள்ளி

காலை ஆறரைக்கே வைத்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வைத்தி எங்கள் பணி ஆய்வாளர். டேப்பின் மறுமுனையை முப்பது வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வருகிற மே மாதம் ஓய்வு.

கிழக்கு வீதியில் பாத்திரக்கடைக்காரர்கள் நடைபாதையில் அண்டாக்களை அடுக்கியிருக்கிறார்கள். தெற்கு வீதியில் வடிகால் மூடியைக் காணோம், அந்த ஓட்டையில் யாரோ ஒரு வேப்பங்கிளையை நட்டு எச்சரிக்கை செய்திருக்கிறார்கள். மேற்கு வீதியில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு படி, ஒவ்வொரு படியும் ஒரு உயரம். எல்லாம் எழுதிக்கொண்டேன்.

"வடக்கு வீதி, மேடம்?" என்றார் வைத்தி.

"அகலம் போதாது. அது வேண்டாம்."

அவர் டேப்பைச் சுருட்டினார். மூன்று வீதிகள் போதும். மூன்றையும் ஒழுங்காகச் செய்தாலே பெரிய விஷயம்.

ஜனவரி 5, திங்கள்

வீட்டில் போர் மோட்டார் நின்றுவிட்டது. ஆள் வந்து பார்த்து, பைப் லைன் பூமிக்குள்ளேயே உடைந்திருக்கிறது, வாசலைத் தோண்ட வேண்டும் என்றான். தோண்டு என்றேன்.

குறைதீர்ப்பு நாள். மனுக்கள் நாற்பத்தொன்று. கடைசியில் ஒருவர் வெள்ளைக் குச்சியோடு வந்தார். இன்னாசிமுத்து. வடக்கு வீதிப் பள்ளிக்கூடத்தில் வரலாறு ஆசிரியர். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"நடைபாதைத் திட்டம் வருதுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. ஸ்டாஃப் ரூம்ல படிச்சுச் சொன்னாங்க" என்றார். "எங்க வீதி இருக்கா மேடம்?"

"பரிசீலனைல இருக்கு சார்."

"அப்ப இல்லைன்னு அர்த்தம்."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கட்டு எப்படி வந்தது என்று கேட்டேன். முனையிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை நடைபாதை பல்லாங்குழியாகக் கிடக்கிறதாம். அதனால் தினமும் சாலையில் இறங்கித்தான் நடக்கிறார். போன நவம்பரில் ஒரு பைக்கின் கைப்பிடி இடித்துவிட்டது.

"இடிச்சவன் என் பழைய மாணவன்தான். முகலாயப் பேரரசுல பெயிலானவன்" என்றார்.

மனுவுக்கு ரசீது கொடுத்து அனுப்பினேன்.

ஜனவரி 7, புதன்

ஆணையர் தமிழ்வேந்தன் கூப்பிட்டார். முப்பத்துமூன்று வயது, எல்லாவற்றையும் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் உள்ளவர்.

"நாலு தேர் வீதில மூணுதான் இருக்கு. நாலாவது என்னாச்சு?"

"ஒன்று புள்ளி எட்டு மீட்டர் அகலம் வேணும் சார். வடக்குல வராது."

"அளந்தீங்களா?"

"பழைய அளவு இருக்கு சார்."

"புதுசா அளங்க. தேர் சுத்தி வர்ற ஊர்ல மூணு பக்கம் மட்டும் நடைபாதை போட்டா சிரிப்பாங்க."

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி குடித்தேன். அறைக்குப் போய் உட்கார முடியவில்லை. மாடி ஏறி, நேற்றுப் பார்த்த தண்ணீர்த் தொட்டியின் மூடியையே மறுபடி பார்த்துவிட்டு இறங்கினேன்.

ஜனவரி 9, வெள்ளி

மோட்டார் ஆள் வரவில்லை. வாசலில் குழி அப்படியே கிடக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

வடக்கு வீதியை அளக்கப் போனேன். இன்னாசிமுத்து பள்ளிக்கூட வாசலில் நின்றார். வைத்திதான் சொல்லியிருக்க வேண்டும். வைத்தியிடம் அதை நான் கேட்கவில்லை.

"வாங்க மேடம். நான் உங்களுக்குச் சுத்திக் காட்டுறேன்" என்றார்.

காட்டினார். முனையிலிருந்து ஏழாவது எட்டு வைத்தால் ஒரு பள்ளம், முழங்கால் ஆழம். பதினைந்தில் மின்கம்பத்துக்குப் பிடிப்புக் கம்பி. இருபத்திரண்டில் நன்னாரிக் கடைக்காரர் ஐஸ் பெட்டி. அவர் குச்சியால் தட்டுவதற்கு முன்பே சொன்னார், தட்டியதும் அது இருந்தது. டேப்பை விரித்தேன். அகலம் ஒன்று புள்ளி எட்டு ஐந்து. மூன்று இடத்தில் அளந்தேன். எங்கேயும் குறையவில்லை.

முனையிலிருந்து பள்ளி வாசல் வரை நீளம் 63 மீட்டர். அது அளக்காமலே எனக்குத் தெரியும்.

"மூணு வருஷம் முன்னாடி இங்க கல்லு வந்து எறங்குச்சு மேடம்" என்றார் இன்னாசிமுத்து. "கருங்கல்லு. மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம். சறுக்காம இருக்க மேல கோடு கொத்தியிருந்தாங்க. அடுக்குக்குப் பத்து, இருபத்தெட்டு அடுக்கு. நானே தட்டித் தட்டி எண்ணினேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமானப்ப கூட அவ்வளவு சந்தோஷம் இல்ல."

"அப்புறம்?"

"தேர் முடிஞ்சு ஒரு நாள் காலையில குச்சிய நீட்டுறேன். ஒண்ணுமில்ல. வெறும் மணல்."

வெயில் ஏறிவிட்டது. அளவு முடிந்தது என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

வடக்கு வீதி வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் கண்டுபிடித்தேன். பாதாள சாக்கடைத் துறை எப்போது வேண்டுமானாலும் தோண்டலாம். தோண்டப்போகிறார்களா என்று போன் செய்து கேட்டேன். அப்படி எதுவும் இல்லையாம். எதற்கும் எழுத்தில் கொடுங்கள் என்றேன். தோண்டமாட்டோம் என்பதை எதற்கு எழுத்தில் தர வேண்டும் என்று அந்தப் பொறியாளர் கேட்டார். நியாயமான கேள்விதான், எரிச்சல் வந்தது.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

வாசலில் குழி இருப்பதால் பொங்கப்பானையைப் பின்பக்கம் வைத்தோம். துணி துவைக்கிற இடத்தைக் கழுவிவிட்டு அங்கேயே கோலம் போட்டேன். பானை பொங்கியது. மகள் கோவையிலிருந்து வீடியோவில் பார்த்தாள்.

"நம்ம வீட்லயே உருப்படியான எடம் இதுதான்" என்றார் குணசேகரன். "எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் கால் சறுக்காது."

எனக்குப் பொங்கல் இறங்கவில்லை. நெய் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

அறிக்கையோடு இணைக்க வேண்டிய படிவங்கள் ஒன்பது. ஐந்தாவது படிவம், ஒவ்வொரு வீதியிலும் கடந்த ஐந்து ஆண்டுகளில் நடந்த பணிகளின் விவரம். அந்தக் காலத்துக்குள் அரசுப் பணத்தில் நடைபாதை போட்ட இடத்துக்கு இந்தத் திட்டத்தில் பணம் கிடையாது.

கிழக்கு, இல்லை. தெற்கு, இல்லை. மேற்கு, இல்லை.

வடக்கு நிரப்பவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

ராஜவேலுவின் அண்ணன் மகள் கல்யாணம், அவருடைய சொந்த மண்டபத்திலேயே. போகாமல் இருக்க முடியாது, ஆணையரே வந்திருந்தார். ராஜவேலு என்னைக் கண்டதும் பந்தியில் முதல் வரிசைக்குக் கூட்டிப்போனார்.

"மேடம் பேரு லிஸ்ட்ல வருதாம்ல. அடுத்த விருந்து உங்க வீட்லதான்" என்றார்.

சாப்பாடு நன்றாக இருந்தது. வத்தக்குழம்பு மட்டும் கொஞ்சம் காரம். கை கழுவும் இடம் பெரிது, ஒரே நேரத்தில் நாற்பது பேர் நிற்கலாம். தரை முழுக்க ஈரம், யாரும் சறுக்கி விழவில்லை. நான் வீட்டுக்கு வந்துதான் கை கழுவினேன்.

ஜனவரி 28, புதன்

கருத்துக் கேட்புக் கூட்டம். வந்தவர்கள் எண்பது பேர். எல்லோருக்கும் நடைபாதை வேண்டும். யாருக்கும் தன் கடைப் படியை எடுக்கக் கூடாது. பாத்திரக்கடைச் சங்கத் தலைவர், அண்டாக்கள் நம் பண்பாட்டின் அடையாளம் என்று கால் மணி நேரம் பேசினார். கோயில் தரப்பில், முனைகளில் தேர் திரும்பும்போது சக்கரம் ஏறினால் கல் உடைந்துவிடும், அதற்கு ஏற்றபடி தாழ்த்திப் போடுங்கள் என்றார்கள். அது சரியான யோசனை, குறித்துக்கொண்டேன்.

இன்னாசிமுத்து எழுந்தார். "வடக்கு வீதி உண்டா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க" என்றார்.

ஆணையர் என்னைப் பார்த்தார்.

"பள்ளிக்கூட மதில் ஓரமா இருக்கிற புங்க மரத்துக்கு நிர்வாகத்துக்கிட்டேர்ந்து தடையில்லாக் கடிதம் வேணும்" என்றேன். "அது வந்தா பாக்கலாம்."

அந்த நிமிடத்தில் வாயில் வந்தது அது. கிறிஸ்தவப் பள்ளி நிர்வாகம், மேலிடத்துக்கு எழுதி வாங்கவே ஒரு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

ஜனவரி 31, சனி

மூன்றே நாளில் கடிதத்தை வாங்கிவிட்டார். இன்று பதினொரு மணிக்கு வீட்டுக்கே கொண்டுவந்தார். ஆபீஸில் கொடுத்தால் மேசை மேசையாகப் போகும், அதனால் நேரே கையில் கொடுக்க வந்தேன் என்றார்.

வாசலில் குழி. "பக்கவாட்டுல வாங்க சார்" என்று சொல்லிப் பின்பக்கமாகக் கூட்டிவந்தேன். எப்படி அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. குழிக்குள் விழுந்துவிடுவாரே என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

துவைக்கிற இடத்தில் குச்சி பட்டது. நின்றார். மறுபடி தட்டினார். கொஞ்சம் தள்ளி இன்னொரு தட்டு. குனிந்து குச்சியை நெடுக்கே வைத்துப் பார்த்தார், பிறகு குறுக்கே. வலது காலைச் செருப்பிலிருந்து எடுத்து வெறும் பாதத்தைக் கல்லில் வைத்தார். கட்டைவிரல் கோடுகளின் மேல் மெதுவாகப் போயிற்று.

"நல்ல கல்லு மேடம்" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டார். கடிதத்தைக் கொடுத்தார். காபி வேண்டாம் என்றார். கிளம்பும்போது குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லின் மேல் தட்டாமலே நடந்து போனார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

துணி துவைக்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். ஒரு மாதமாக இந்த டைரியிலேயே நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இதை வேறு யாரும் படிக்கப்போவதும் இல்லை.

மூன்று வருடம் முன்பு வடக்கு வீதி முனையிலிருந்து பள்ளி வாசல் வரை கல் பாவ ராஜவேலுவுக்கு வேலை கொடுத்தோம். கல் வந்தது. 280. மார்ச் கடைசி வாரம். பங்குனித் தேருக்கு ஒன்பது நாள். இப்போது கல் போட்டால் முனையில் தேர்ச்சக்கரம் ஏறி உடைத்துவிடும், தேர் நிலைக்கு வந்தபிறகு போடுங்கள் என்று கோயிலில் கேட்டார்கள். மார்ச் 31க்குள் வேலை முடிந்ததாகக் காட்டாவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். எல்லா நகராட்சியிலும் மார்ச் மாதம் இப்படித்தான் ஓடும். முதலில் எழுது, பிறகு செய். நானும் எழுதினேன். அளவுப் புத்தகத்தில், மேசையில் உட்கார்ந்தபடியே, நீளம் 63, அகலம் 1.8, வேலை முடிந்தது, கையெழுத்து.

தேர் முடிந்தது. ராஜவேலு கொத்தனார் இல்லை என்றார். பிறகு மழை என்றார். பிறகு போனை எடுக்கவில்லை. மே மாதம் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வேலை நடந்தபோது அவரே வந்து, "மிச்சக் கல்லு கொஞ்சம் கெடக்கு மேடம், போட்டுக்கங்க" என்றார். பதினெட்டுக் கல். ஒரு கல்கூடப் பாவாத இடத்தில் மிச்சம் எப்படி வரும் என்று ஒரு பொறியாளருக்குத் தெரியாதா? தெரிந்தது. கல் அழகாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

லஞ்சம் வாங்காதவள் என்று எனக்கு இந்த ஊரில் பெயர். தீபாவளிக்கு வரும் ஸ்வீட் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவள். அந்தப் பெருமையோடுதான் மூன்று வருடமாக அந்தக் கல்லின் மேல் துணி துவைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

தாளில் வடக்கு வீதி நடைபாதைக்கு வயது மூன்று. ஐந்து வருட விதி. வேலை நடக்கவே இல்லை என்று அன்று கையெழுத்துப் போட்டவரே சான்று கொடுத்தால் தவிர அந்த வீதிக்குப் பணம் வராது.

பிப்ரவரி 4, புதன்

வைத்தியிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு மே மாசம் ரிடையர்மெண்ட், மேடம்."

"உங்க கையெழுத்து எங்கேயும் இல்ல. நான் பாத்துட்டேன்."

"அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன்" என்றார். டேப்பை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 5, வியாழன்

குணசேகரனிடமும் சொன்னேன். அவர் கால்நடை மருத்துவமனையில் மருந்தாளுநர். ஆட்டுக்கு ஊசி போடுவதுபோல முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

"எழிலு, பட்டியல் வர இன்னும் இருபது நாள் இருக்கு. வந்தப்பறம் எழுதிக் குடு. யார் தடுத்தா?"

"அறிக்கை பத்தாம் தேதி போயிடுதே."

"அடுத்த தடவை போகட்டும். நீ பெரிய சீட்ல உக்காந்துட்டா நீயே அந்த வீதிக்கு வாங்கிக் குடுக்கலாம்."

அவர் சொல்வதில் தப்பே இல்லை போலத்தான் இருந்தது. போன மார்ச்சுகளில் எல்லாம் நான் எனக்கு இதேபோலத்தான் சொல்லிக்கொண்டேன். தேர் முடியட்டும். மழை விடட்டும்.

"அந்தாளு ரோட்டுல எறங்கி நடக்குறாருங்க" என்றேன்.

கையை விட்டார். சாப்பிடாமல் டிவி போட்டார். செய்தியில் எதையும் அவர் கேட்கவில்லை என்று தெரிந்தது, விளம்பரம் வந்தபோதும் சத்தத்தைக் குறைக்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆணையரிடம் சான்றை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"இது தேவையா மேடம்? மூணு வீதி போதும்னு நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுறேன்."

"நாலுன்னு நீங்கதான் சார் கேட்டீங்க."

"அப்ப எனக்கு இது தெரியாது." எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார். "இத வாங்கினா நான் மேல அனுப்பித்தான் ஆகணும். பதினேழு பி வரும். தெரியும்ல?"

தெரியும். பதினேழு பி என்பது குற்றச்சாட்டு மெமோ. அது நிலுவையில் இருக்கும்வரை பட்டியலில் பெயர் ஏறாது. முடிய மூன்று வருடமும் ஆகலாம், ஆறும் ஆகலாம். அதற்குள் எனக்குப் பிறகு சேர்ந்தவர்கள் எல்லாம் எனக்கு மேலே உட்கார்ந்திருப்பார்கள்.

"அனுப்புங்க சார்" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்காமல் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

"கல்லு எங்க இருக்குன்னு இதுல எழுதல."

"பதினெட்டு என் வீட்ல இருக்கு. மீதி எங்கன்னு எழுதல."

"தெரியுமா?"

சான்றை மேசையில் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவரும் வற்புறுத்தவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

அளவுப் புத்தகத்தில் அடித்து எழுதக் கூடாது. புதுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். அதனால் இன்று காலை வடக்கு வீதிக்குப் போய் நின்று, முழுசாக அளந்தேன். மேசையில் அல்ல, வெயிலில். வைத்தி மறுமுனையைப் பிடித்தார்.

நீளம் 63 மீட்டர். அகலம் 1.85. பாவிய கல், இல்லை. செய்யப்பட்ட வேலை, இல்லை. முந்தைய பதிவு தவறானது, அது என்னுடையது. கையெழுத்து, தேதி.

கீழே, 'அளக்கும்போது உடன் இருந்தவர்' என்ற இடத்தில் வைத்தி தானாகவே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அறிக்கை போய்விட்டது. நான்கு வீதிகள். பணம் வருமா என்பது ஏப்ரலில்தான் தெரியும்.

மோட்டார் ஓடுகிறது. வாசல் குழியை மூடிவிட்டார்கள், சரியாகக் கெட்டிக்காமல். நான் திட்டி மறுபடி கெட்டிக்க வைத்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ராஜவேலு போன் செய்தார். மூன்று வருடத்தில் அவராகச் செய்த முதல் போன்.

"மூணு வருஷத்துக்கு முந்தின கதைய எதுக்கு மேடம் கிளறுறீங்க? உங்களுக்கு நான் என்ன கொறை வச்சேன்?"

"பதினெட்டுக் கல்லு வச்சீங்க" என்றேன்.

வைத்துவிட்டார்.

பிப்ரவரி 26, வியாழன்

பட்டியல் வந்தது. பன்னிரண்டு பெயர். பதினொன்றாவது, எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்த பையன். நல்லவன்தான். வாழ்த்துச் சொல்லி மெசேஜ் அனுப்பினேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மெமோவும் இன்றே வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். விளக்கத்தில் என்ன எழுத? அதில் சொல்லியிருப்பது எல்லாம் சரி.

பிப்ரவரி 28, சனி

பின்பக்கக் கல்லைப் பெயர்க்க நான்கு ஆள் வைத்தேன். குணசேகரன் மூன்று வாரமாக என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்று காலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு வந்து நின்றார்.

"ஓரத்துலேர்ந்து நெம்பச் சொல்லு. நடுவுல போட்டா ஒடஞ்சிரும்" என்றார்.

பதினெட்டும் உடையாமல் வந்தன. இடம் வெறும் மண்ணாகிவிட்டது. துணியை மாடியில் வாளி வைத்துத் துவைத்தேன், இடுப்பு வலிக்கிறது.

ஸ்டோரில் இறக்கினால் அங்கேயே கிடக்கும், பள்ளி வாசலிலேயே மணல் விரித்துப் போடுங்கள் என்று ஆணையர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பதினெட்டுக் கல்லுக்கு ரசீதும் கொடுத்தார். ரசீதை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் கல் பாவி முடித்தோம். வரிசைக்கு இரண்டு, ஒன்பது வரிசை. மொத்தம் நான்கு மீட்டர். இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் நான்கே மீட்டர்.

சர்ச்சில் பூசை முடிந்து இன்னாசிமுத்து அந்த வழியாக வந்தார். கட்டைப் பிரித்திருக்கிறார்கள், மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருக்கிறது. சாலை ஓரமாகவே வந்தவர், ஓரக் கல்லைக் கெட்டிக்கிற சுத்தியல் சத்தம் கேட்டு நின்றார். குச்சியை நடைபாதைப் பக்கம் நீட்டினார்.

தட்டினார். ஏறினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தட்டு. ஒன்பதாவது வரிசைக்குப் பிறகு குச்சி மணலில் இறங்கியது. அங்கேயே நின்றார்.

"பதினெட்டு" என்றார்.

"ஆமா சார்."

"மேடம்தானா நிக்கிறது?"

"நான்தான்."

அவர் நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லாதது எனக்குச் சரியாகவே பட்டது.

"மீதி எரநூத்தி அறுபத்திரண்டு" என்றார்.

"ராஜவேலு மண்டபத்துல இருக்கு. கை கழுவுற எடத்துல."

அவர் முகம் மாறியது. கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன்.

"நானும் அங்க கை கழுவியிருக்கேன் மேடம், நாலஞ்சு கல்யாணத்துல. செருப்போட நின்னுட்டேன்" என்றார். "கழட்டியிருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு சாலையில் இறங்கினார். ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு அவரை ஒட்டிப் போனது. முனை வரைக்கும் அவரோடு நானும் சாலையிலேயே நடந்தேன். ஐம்பத்தொன்பது மீட்டர். இதற்கு முன்பு அந்த இடத்தில் நான் சாலையில் இறங்கி நடந்ததே இல்லை, அளக்க வந்த நாட்கள் தவிர ஜீப்பில்தான் போயிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் டைரி அட்டையில் ஒட்டியிருந்த லேபிளைப் பிய்த்தேன். ராஜவேலு கம்பெனி பெயரும் அதன் கீழே மண்டபத்து முகவரியும் இருக்கின்றன. மீதிக் கற்கள் எங்கே இருக்கின்றன என்று ஆணையருக்குக் கடிதம் எழுதினேன், முகவரியை அட்டையைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டேன்.

இன்று முகூர்த்தம், மண்டபத்தில் கல்யாணம் இருக்கும். சாப்பிட வந்தவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நாளை திங்கள். காலை பத்து மணிக்கு ஆணையரிடம் கடிதம். பதினொரு மணிக்கு மண்டபம். வைத்தியிடம் டேப்பை எடுத்துவரச் சொல்லிவிட்டேன்.